பெரிய செத்தக்கெண்டை: மாசி முதல் சித்திரை வரை

பழவேற்காட்டு ஏரியோரம் கோட்டைக்குப்பத்தில் படகு கட்டும் கரையில் காலை ஆறரை மணிக்கு நின்று குனிந்து பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் பழைய பனந்தண்டு ஒன்று சாய்ந்து கிடக்கும். தண்டு முழுக்கப் பாசி. ஒரே ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, யாரோ துணியால் துடைத்து வைத்த மாதிரி மரம் தெரியும். அந்தத் துடைத்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்த அத்தியாயத்தில் பாதி வேண்டாம். கண்டுபிடித்த பிறகு தூண்டிலை அங்கே போடாமல் இருக்கத் தெரிந்தவருக்கு மீதிப் பாதியும் வேண்டாம். எனக்கு முதல் பாதி ஒரே சீசனில் வந்துவிட்டது. இரண்டாவதற்குச் சில வருடம் ஆனது.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செத்தக்கெண்டை என்று பெயர் இருந்தாலும் இது கெண்டை இனமே இல்லை. நம் ஊரில் எல்லாக் குளத்திலும் நிறைந்து கிடக்கும் ஜிலேபி மீனுக்குத்தான் இது உறவு. மலையாளிகள் கரிமீன் என்பார்கள். 2010இல் கேரளம் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. ஐரோப்பியர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது 1790இல். சூரத்திலிருந்து வந்தது என்று நம்பி அந்த ஊர்ப் பெயரையே சேர்த்துவிட்டார்கள். மீனின் சொந்த ஊர் தென்னிந்தியாவும் இலங்கையும்தான். தட்டையான, உயரமான உடம்பு; சாம்பல் பச்சையில் எட்டுப் பட்டை; செதிலுக்குச் செதில் முத்துப் பதித்தது போல வெள்ளைப் புள்ளி. வாய் மட்டும் அநியாயத்துக்குச் சிறியது. இந்தச் சின்ன வாயை மறந்துபோனவர்கள்தான் கரையில் உட்கார்ந்து, இரை இரையாகக் கரைத்துவிட்டு, வெறும் முள்ளோடு வீடு திரும்புகிறார்கள்.

ஜிலேபியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிலேபியின் உடம்பு நீண்டிருக்கும், வாய் பெரிது, முத்துப் புள்ளி கிடையாது. அது 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து நம் நீரில் விட்ட மீன். முள்ளில் ஜிலேபி மாட்டினால் மனக் கஷ்டமே வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பிடித்தாலும் ஏரிக்கு நல்லதுதான்.

அப்படியானால் பெரிசு என்பது எது? புத்தகங்களில் இந்த மீனுக்கு நாற்பது சென்டிமீட்டர் வரை கணக்கு இருக்கிறது. அந்த நாற்பதை நான் பார்த்ததில்லை. பழவேற்காட்டுக் கூடைகளில் வருவது பெரும்பாலும் கை நீளத்தில் பாதிகூட இல்லை. என் கணக்கில் ஒரு சாண் தாண்டினால் பெரிசு. ஒரு சாணும் நாலு விரலும் இருந்தால் அன்றைக்கு வேறு மீன் தேட வேண்டாம், கம்பைச் சுருட்டிவிடலாம்.

தண்ணீரின் கணக்கு

சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும் பகுதி ஆந்திரத்துக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆறில் ஒரு பங்கு கிடைக்கும். பரப்பைப் பார்த்து ஆழத்தை எடை போடாதீர்கள். சராசரி ஒரு மீட்டர்தான். இந்த ஆழக் குறைவில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. மேலோட்டமான தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கலங்கும், மழை வந்தால் சீக்கிரம் இனிக்கும், வெயில் வந்தால் சீக்கிரம் உப்பேறும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால் தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் ஏரிக்குள் வந்து விழும். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். முகத்துவாரம் அறுத்துக்கொண்டு கடலோடு சேரும். அப்போது தூண்டிலோடு போய் நின்றால் உங்களுக்குச் சளிதான் பிடிக்கும். மார்கழியில் வண்டல் படியும். தையில் வாடைக் காற்று குறைந்த நாள்களில் கரையோரம் தெளிய ஆரம்பிக்கும். மாசி மகத்துக்குச் சாமி கடலாடிவிட்டுத் திரும்பும் சமயத்தில் காலைத் தண்ணீர் சில்லிப்பை விட்டிருக்கும். கல்லிலும் கட்டையிலும் புதுப் பாசி விரலளவு வளர்ந்திருக்கும். பாசியைத் தேடிச் செத்தக்கெண்டை கரைக்கு வரும். பங்குனி முழுக்க இது நீடிக்கும். சித்திரையில் பகலில் தெற்குக் காற்று எழுந்து ஏரியைக் கலக்கிவிடும், காலை இரண்டு மணி நேரம் மட்டுமே நமக்கு. வைகாசியில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்ட வருடங்களில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். செத்தக்கெண்டை நல்ல தண்ணீரிலும் கடல் தண்ணீரிலும் பிழைக்கும், அதனால் சாகாது. ஆனால் தின்பதற்கு அப்போது அதற்கு மனசு இருக்காது, வெயிலில் உட்கார நமக்கும்தான்.

ஆக, மாசி, பங்குனி, சித்திரை. இதிலும் எனக்குப் பிடித்தது மாசியின் பின்பாதி. ஏன் என்பதற்குக் கூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

துடைத்த இடம்

மடவை மீன் லட்சக்கணக்கில் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். செத்தக்கெண்டை அப்படியில்லை. அது இடும் முட்டை சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம்தான். அதனால் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு வைத்துக் காவல் காக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கட்டையையோ கல்லையோ ஓட்டாஞ்சில்லையோ தேர்ந்தெடுத்து, வாயாலேயே பாசியைப் பிடுங்கித் துடைக்கும். அதன்மேல் ஒற்றை அடுக்காக முட்டையை ஒட்டும். பிறகு ஒன்று மாற்றி ஒன்று செவுள் பக்கத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்ததும் குஞ்சுகளை வாயில் கவ்விப் பக்கத்தில் சேற்றில் தோண்டிய குழிகளுக்கு மாற்றும். குஞ்சு நீந்த ஆரம்பித்தால் கோழி மாதிரி கூட்டிக்கொண்டு அலையும். இத்தனை வேலையும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து செய்கிறார்கள். எது ஆண் எது பெண் என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்த்தாலும் சுலபமில்லை.

இப்படிக் காவல் நிற்கும் மீன்தான் கரையில் உள்ள மீன்களில் பெரும்பாலும் பெரியது. சின்னது நல்ல கட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பிடிப்பதற்கும் அதுதான் சுலபம். பசி இல்லாவிட்டாலும் தன் எல்லைக்குள் வந்த எதையும் முட்டும், கடிக்கும். முள்ளைக் கூட்டின் மேல் தொங்கவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் மீன் கையில் இருக்கும். இதில் திறமை ஒன்றும் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டி, திறந்தவரைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரிதான்.

நான் அதைச் செய்திருக்கிறேன். எத்தனையோ பங்குனிக்கு முன்னால் ஒரு காலை. இதே கரையில், உடைந்த சிமென்ட் குழாய் ஒன்றின் மேல் இருந்த துடைத்த இடம். குனிந்து பார்த்தேன்; தேன் நிறத்தில் முட்டைகள், கடுகை வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி. பக்கத்தில் இரண்டு மீன். பெரியது ஒரு சாணுக்கு மேல். இறால் துண்டை இறக்கினேன், பிடித்தேன், பையில் போட்டேன். பெருமையோடு அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு மீன் போகவில்லை. கூட்டின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு ஜிலேபிக் குஞ்சு வந்தது, அதை இந்த மீன் விரட்டியது. அது விரட்டப் போன அந்த இரண்டு நொடியில் மறுபக்கத்திலிருந்து நாலைந்து சின்ன மஞ்சள் மீன்கள் வந்து குழாய் மேல் மொய்த்தன. இது திரும்பி வந்து அவற்றை விரட்டியது. ஜிலேபி திரும்ப வந்தது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை. டீ ஆறுவதற்குள் குழாயின் ஒரு பக்கம் காலியாகிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் தேன் நிறம் எங்குமே இல்லை. அந்த மீன் மட்டும் கொஞ்ச நேரம் வெறும் குழாய்க்கு விசிறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "காவக்காரன புட்ச்சிட்டியே தம்பி, அந்த வூட்ல இனிமே இன்னா இருக்கும்?" என்றார். திட்டும் குரலில் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். அன்று அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்தேன், சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அந்தச் சின்ன மஞ்சள் மீனும் இதே குடும்பம்தான், செத்தக்கெண்டையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். விநோதமான உறவு. பெரிய மீனின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்வதும் அதுதான், காவல் தளர்ந்தால் முட்டையைத் தின்பதும் அதுதான்.

அமெரிக்காவில் ப்ளூகில் என்று ஒரு குளத்து மீன் உண்டு. அதுவும் தட்டை, அதற்கும் சின்ன வாய், அதுவும் வசந்தத்தில் கரையோரம் தட்டு மாதிரிக் குழி பறித்துக் காவல் காக்கும். அங்கே ஆண் மட்டும். அந்த ஊரில் வசந்தம் வந்தால் தாத்தாவும் பேரனும் தூண்டிலோடு கிளம்புவதே இந்த மீனுக்காகத்தான். 1950இல் அலபாமாவில் ஒரு ஏரியில் பிடித்த இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீன்தான் இன்றும் அதற்கு உலக சாதனை. அங்கே மீன் ஆராய்ச்சியாளர்கள் கண்டது நமக்கும் உதவும். காவல் நிற்கும் பெரிய ஆண்களை வருடா வருடம் பிடித்து எடுத்துவிட்டால், மிச்சமுள்ள சின்ன ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டுச் சின்ன உடம்பிலேயே இனப்பெருக்கத்துக்கு இறங்கிவிடுகின்றன. கொஞ்ச வருடத்தில் குளம் நிறைய மீன் இருக்கும், எல்லாம் உள்ளங்கை அளவு. பெரிய மீன் வேண்டுமென்றால் பெரிய மீனை விட்டுவைக்க வேண்டும். கணக்கு தலைகீழாகத் தெரிந்தாலும் கணக்கு அதுதான்.

அதே ப்ளூகில்லை 1960இல் சிகாகோ மேயர், அங்கே வந்திருந்த ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அவர் ஊருக்குக் கொண்டுபோய் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுக்க, அது ஏரி ஏரியாகப் பரவி அந்த நாட்டு மீன்களைத் தின்றுவிட்டது. 2007இல், பேரரசரான பிறகு, அவரே பொதுமேடையில் அதற்காக வருந்தினார். நம் ஜிலேபி விஷயத்தில் யாரும் இதுவரை வருந்தவில்லை, குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

யார் தண்ணீர்

கம்பை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். கோட்டைக்குப்பம் என்ற பெயரில் உள்ள கோட்டை, டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை. கோட்டை இன்று மண்மேடும் புதரும். குப்பம் இருக்கிறது, அதன் சட்டமும் இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பது முறை வைத்துச் சுழலும். அந்த உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வரும். இறால் வரும் நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் எல்லா வீட்டுக்கும் ஒருநாள் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மீன்வளத்தைப் பங்கிடுவது பற்றி ஆய்வு செய்பவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து எழுதிவிட்டுப் போன முறை இது.

உங்களுக்கு அதில் இடமில்லை. அதனால், கரையில் இறங்கியதும் யாராவது பெரியவரிடம், "ஐயா, இங்கே தூண்டில் போடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும், "போடு தம்பி, அந்த வலைப் பக்கம் போவாத" என்பதுதான் பதில். குச்சி நட்ட வலைவரிசைக்கு அருகில் தூண்டில் வீசுவது அடுத்தவர் வயலில் மாட்டை விடுவதற்குச் சமம். காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்ப்பீர்கள். பிடித்ததைப் போடும் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் வரும் பாதையில் முள்ளும் தங்கூசி நரம்பும் கிடக்கக் கூடாது. அறுந்து போன தங்கூசியை எவ்வளவு தூரம் போனாலும் இழுத்து எடுங்கள்.

படகு ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை, உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. 'நான் ரகசியமாக ஏற்றிக்கொண்டு போகிறேன்' என்று யார் சொன்னாலும் வேண்டாம். செத்தக்கெண்டைக்குப் படகே தேவையில்லை, அது கரையோர மீன். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமும்கூட, 153.67 சதுர கிலோமீட்டர். மாசியில் பூநாரைகள் இன்னும் இருக்கும். அவை கூட்டமாக மேயும் திட்டுப் பக்கம் நடந்து போய் எழுப்பிவிடாதீர்கள்.

வருவது சுலபம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். முதல் ரயிலைப் பிடித்தாலும் கரைக்கு வர ஏழு, ஏழரை ஆகிவிடும். நல்ல நேரத்தில் பாதி போய்விடும். முடிந்தால் முந்தின நாள் இரவே பொன்னேரிக்கு வந்து தங்கிவிடுங்கள்.

கம்பும் முள்ளும் இரையும்

விலை உயர்ந்த சுருளும் கம்பும் இங்கே வேண்டாம். பத்தடி, பன்னிரண்டடி மூங்கில் கம்பு; நுனி மெல்லிசாக, வளைந்து கொடுக்க வேண்டும். கம்பு நீளத்துக்கே தங்கூசி, 0.20 மில்லிமீட்டர். தடித்த தங்கூசியைத் தெளிந்த தண்ணீரில் மீன் பார்த்துவிடும். முள் எட்டாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரை. கடைக்காரர், "பெரிய மீனுக்கா? அப்ப பெரிய முள் வாங்கிக்கோங்க" என்பார். கேட்காதீர்கள். மீன் எவ்வளவு வளர்ந்தாலும் வாய் சிறியதுதான். முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகு அளவு ஈயம், ஒன்றே ஒன்று. மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு ஒரு விரல் நீளம். பெரிய தக்கை கட்டினால் மீன் வந்து தொட்டுவிட்டுப் போனதே உங்களுக்குத் தெரியாது.

இரையில் ஆளுக்கு ஒரு வாதம். எனக்கு மூன்றுதான். முதலாவது, பாசி. மீன் வந்திருப்பதே அதற்காக. அதே கரையில் பிடுங்கிய நூல் பாசியை முள்ளில் நாலு சுற்றுச் சுற்றி, நுனியைக் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். இறுக்கிச் சுற்றினால் தொடாது, தளர்த்திச் சுற்றினால் நிற்காது. கை பழக வேண்டும். பாசியில் சின்ன மீன் தொந்தரவு குறைவு, அதனால் வருவது பெரும்பாலும் பெரிசு. இரண்டாவது, உரித்த இறால், பட்டாணி அளவு. வேகமாகக் கடிக்கும், ஆனால் கெளுத்தியும் நண்டும் சேர்ந்து வரும். மூன்றாவது, கோதுமை மாவில் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குப் பொடி போட்டுப் பிசைந்தது. பஞ்சு நூலைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் தண்ணீரில் கரையாமல் நிற்கும். மண்புழுவுக்கு நான் எதிரி இல்லை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் செத்துத் தொங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

எங்கே போடுவது

கட்டை, கல், பாலத்தின் தூண், பக்கிங்காம் கால்வாய்க் கரையின் பழைய செங்கல், ஆளி ஒட்டிய பாறை, படகு கட்டும் முளை; இவை இல்லாத வெறும் மணலில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடம் தூண்டில் போடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். நிழல் தண்ணீரில் விழாமல், சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும்படி உட்காருங்கள். கண் கூசும், ஒரு தொப்பி இருந்தால் போதும்.

ஒரு மீன் தெரிந்ததும் வாட்ச்சைப் பாருங்கள். அது நகர்ந்து போய், ஒரு நிமிடத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா? அதன் இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறதா? அருகில் வந்த மீனைப் பாய்ந்து விரட்டுகிறதா? அப்படியானால் அது காவல் மீன். அங்கே கூடு இருக்கிறது, முட்டையோ குழிக்குள் குஞ்சோ உங்களுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. எழுந்து பத்தடி தள்ளிப் போங்கள். அதன் அருகில் முள்ளை நனைக்காதீர்கள்.

மேயும் மீன் வேறு மாதிரி இருக்கும். கல்லிலிருந்து கல்லுக்கு நகரும், பக்கவாட்டில் சாய்ந்து பாசியைப் பிடுங்கும், சாயும்போது வயிற்றுப் பக்கம் ஒரு வெள்ளி மின்னல் தெரியும். அது போன பாதையில் பாசி கத்தரித்த மாதிரி இருக்கும். பின்னால் போய்ப் போடாதீர்கள்; அது போகும் திசையில், அடுத்த கல்லுக்கு முன்னால், இரையை முதலிலேயே இறக்கி வைத்துக் காத்திருங்கள். இப்படி மேய்பவை ஜோடி சேராதவை, இல்லாவிட்டால் குஞ்சு வளர்த்து முடித்துப் பசியோடு திரும்பியவை. இவற்றிலும் ஒரு சாண் மீன்கள் இருக்கின்றன. தேட வேண்டும், அவ்வளவுதான். நான் மாசியின் பின்பாதியைச் சொன்னதும் இதற்காகத்தான். அப்போது ஜோடிகள் இன்னும் முழுதாக உட்கார்ந்திருக்காது, பெரியவையே ஊர் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆழம்: இரை தரையிலிருந்து நாலு விரல் மேலே தொங்க வேண்டும். மிதப்பை அதற்கேற்ப ஏற்றி இறக்குங்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் ஏறும்போது தண்ணீர் ஓடும், மிதப்பு நிற்காது. அந்த நாள்களில் உள்பக்கக் கால்வாய்க்குப் போய்விடுவது உத்தமம்.

கடி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிலேபி மிதப்பை இழுத்துக்கொண்டு ஓடும். செத்தக்கெண்டை அப்படி மரியாதை இல்லாமல் நடக்காது. மிதப்பு இரண்டு முறை லேசாக நடுங்கும், நிற்கும். பிறகு மெதுவாகச் சாயும், சில சமயம் மேலே கொஞ்சம் எழும்பும். அந்த எழும்பல்தான் மீன் இரையை வாயில் வைத்துத் தலையைத் தூக்கியது. அப்போது மணிக்கட்டை மட்டும் அசையுங்கள். கையையே தூக்கி வெடுக்கென்று இழுத்தால் அந்த மெல்லிய உதடு கிழிந்துவிடும். மாட்டியதும் அது தன் அகன்ற உடம்பைக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டம் போடும். ஒரு சாண் மீன் ஒரு முழ மீன் மாதிரி இழுக்கும். கட்டைக்குள் போக விடாதீர்கள், கம்பை ஒருபக்கமாகச் சாய்த்துத் திறந்த தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். அவசரம் வேண்டாம், மூன்றாவது வட்டத்தில் சாய்ந்துவிடும். சின்னக் கை வலை இருந்தால் நல்லது.

கையில் எடுத்த பிறகு

முதுகில் பதினெட்டு, பத்தொன்பது முட்கள். அடியில் இன்னும் பன்னிரண்டு. ஈரக் கையால் தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாகத் தடவி, முட்களைப் படியவைத்துப் பிடியுங்கள். எதிர்ப்பக்கமாகப் பிடித்தவர் கையை நான் பார்த்திருக்கிறேன், என்னுடையதுதான். குத்தினால் ரத்தம் வரும், விஷம் இல்லை. விஷம் உள்ளவை வேறு. இறால் இரைக்கு வரும் இருங்கெளுத்தி, சேற்றில் படுத்திருக்கும் திருக்கை, ஓரா ஆகிய மூன்றையும் வெறுங்கையால் தொடாதீர்கள். தண்ணீரில் இறங்கினால் பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை விலகிப் போய்விடும், ஆளி ஓடும் கிழிக்காது. குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். ஃப்ளாஸ்க்கில் டீக்குப் பதில் ஒரு நாளாவது வெந்நீர் கொண்டுபோங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதும் அவசியம்.

தெரியாமல் காவல் மீனையே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த இடத்தில் இன்னொரு பெரிய மீன் போகாமல் சுற்றினால் அதுதான் அடையாளம். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, அதே இடத்தில், அதே நிமிடத்தில் விடுங்கள். பத்து நிமிடம் போட்டோ எடுத்துவிட்டு விட்டால் போட்டோ இருக்கும், முட்டை இருக்காது. ஒரு சாணுக்குக் குறைந்தவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு காலைக்கு இரண்டு மீன். என் கணக்கு இது, சட்டமல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாள்களில் பழவேற்காட்டுச் சந்தையில் ஏரி மீனுக்கு மதிப்பு ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் பிடித்ததை விற்கலாமா என்று உங்களுக்குத் தோன்றினால், கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு யோசியுங்கள். அது அவர்கள் பிழைப்பு. உங்களுக்கு ஒன்றும் மாட்டாத நாளில் அவர்களிடம் வாங்கிக்கொண்டு போகலாம், நான் பல தடவை போயிருக்கிறேன். வீட்டில் சொன்னதில்லை.

செதில் கெட்டியாக இருக்கும், வாலிலிருந்து தலைக்குச் சுரண்டுங்கள். இரண்டு பக்கமும் குறுக்கே மூன்று கீறல்; மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, மிளகு, கொஞ்சம் புளிக் கரைசல். அரை மணி ஊறட்டும். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டுச் சின்னத் தீயில் ஒருபக்கத்துக்கு ஆறேழு நிமிடம். நடுவில் புரட்டிப் புரட்டிப் பார்க்காதீர்கள், தோல் கல்லோடு போய்விடும். சித்திரையாக இருந்தால் இரண்டாவது மீனை மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கலாம். முள் நிறைய உண்டு, குழந்தைகளுக்கு முதுகுப் பக்கத்துச் சதையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.